வலிப்பு நின்ற பிறகும்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் மனநலம்

வலிப்பு நோயோடு வளரும் குழந்தையின் நலத்தை அளக்க மருத்துவமனையும் குடும்பமும் நெடுங்காலமாக ஒரே கேள்வியைத்தான் நம்பி வந்துள்ளன: சென்ற மாதம் எத்தனை முறை வலிப்பு வந்தது? எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை தேறி வருவதாகவும், வலிப்பு நின்றுவிட்டால் நோயின் கதை அதோடு முடிந்ததாகவும் கொள்ளப்படுகிறது. கடந்த அரை நூற்றாண்டின் ஆய்வுகளோ, இந்நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்றும், அச்சிக்கல் சிலரிடம் முதல் வலிப்புக்கு முன்பே தொடங்கி, வலிப்பு நின்ற பின்னும் தொடர்கிறது என்றும் காட்டுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைக்கும் மேகமலைக்கும் இடையே, கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை முல்லைப் பெரியாற்றின் போக்கில் நீளும் பள்ளத்தாக்கையும், அதை உள்ளடக்கிய தேனி மாவட்டத்தையும் களமாகக் கொண்டு, அந்த ஆய்வுகள் இங்குள்ள வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூளையின் நரம்பணுக்கள் ஒழுங்கு மீறி ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடும்போது ஏற்படுவது வலிப்பு. தூண்டும் உடனடிக் காரணம் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு முறை அது வந்தாலோ, ஒரு முறையே வந்திருந்தும் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் கணித்தாலோ அது வலிப்பு நோய் எனப்படுகிறது. பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2014-இல் தந்த வரையறையின் சாரம் இதுவே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலில் மட்டும் வரும் வலிப்பு இதில் சேராது. அது பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே மறைந்துவிடும். ஊர்ப் பேச்சில் காக்காய் வலிப்பு, இழுப்பு, ஃபிட்ஸ் என்றெல்லாம் வழங்குவது, கை கால் வெட்டி விழும் பெருவலிப்பை மட்டுமே குறிக்கிறது. சில நொடிகள் கண் நிலைத்து நிற்பது, உதட்டைச் சப்புவது, ஒரு கை மட்டும் துள்ளுவது போன்றவையும் வலிப்பின் வடிவங்களே என்பது பரவலாக அறியப்படாததால், அவ்வாறான குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடம் வராமலே இருந்துவிடுகின்றனர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. உரிய மருந்து கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகரும் உடனாய்வாளர்களும் வேலூர் வட்டாரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே நடத்திய ஆய்வில், ஆயிரத்துக்கு 3.83 பேருக்குச் செயல்நிலையிலுள்ள வலிப்பு நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி காரணமாக இருந்தது. பெங்களூரு நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 2004-இல் வெளியான கௌரி தேவியின் ஆய்வு, ஆயிரத்துக்கு 8.8 என்றும், கிராமங்களில் மட்டும் 11.9 என்றும் கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி 12,45,899 மக்கள் வாழும் தேனி மாவட்டத்துக்கு இவ்விரு விகிதங்களையும் பொருத்தினால் சுமார் 4,770 முதல் 10,960 பேர் வரை என்று வருகிறது. அவர்களில் நான்கில் ஒரு பங்கினரையே 18 வயதுக்கு உட்பட்டவர்களாகக் கொண்டாலும், 1,200 முதல் 2,700 குழந்தைகள் வரை இந்த மாவட்டத்தில் வலிப்பு நோயோடு இருப்பார்கள். மூன்றில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் என்ற கணக்கில் 400 முதல் 900 பிள்ளைகளின் துன்பம் இது. மாவட்டத்தின் ஒவ்வொரு பெரிய பள்ளியிலும் ஒருவரேனும் இருக்கக்கூடிய எண்ணிக்கை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றில் ஒருவர் என்ற விகிதத்துக்கு உறுதியான அடித்தளம் உண்டு. பிரிட்டனின் வைட் தீவில் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் பள்ளி வயதுக் குழந்தைகள் அனைவரையும் ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முதல் கல். பொதுவான குழந்தைகளில் 6.6 விழுக்காட்டினருக்கும், மூளை சாராத நாட்பட்ட உடல்நோயுள்ளவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறு இருந்தபோது, வேறு சிக்கலில்லாத வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் அது 28.6 விழுக்காடாகவும், மூளைப் பாதிப்பும் வலிப்பும் சேர்ந்திருந்தவர்களில் 58.3 விழுக்காடாகவும் இருந்தது. ஒரு தலைமுறைக்குப் பின் பிரிட்டன் முழுவதற்குமான கணக்கெடுப்பு ஒன்றின் அடிப்படையில் 2003-இல் வெளியான கட்டுரை, வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் 37 விழுக்காடு, நீரிழிவுள்ளவர்களில் 11 விழுக்காடு, பிறரில் 9 விழுக்காடு என்று ஏறக்குறைய அதே படத்தைத் தந்தது. நீரிழிவோடு ஒப்பிட்டது முக்கியமானது. நாள்தோறும் ஊசியும் உணவுக் கட்டுப்பாடுமாக வாழும் பிள்ளைக்கும் மனச்சுமை உண்டு. ஆயினும் வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு அது மூன்று மடங்குக்கு மேல் என்றால், நாட்பட்ட நோய் தரும் சலிப்பு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் நடந்து 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு நடத்தைசார் கோளாறு 60 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கண்டதோடு, அவர்களில் மூன்றில் ஒருவருக்கே அது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது என்றும் பதிவுசெய்தது. மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே மூன்றில் இருவர் விடுபட்டிருக்கின்றனர்.

காரணங்களில் முதலாவது மூளையிலேயே இருக்கிறது. ஐஸ்லாந்தில் ஹெஸ்டார்ஃபரும் உடனாய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு வந்த குழந்தைகளுக்கு, அது வருவதற்கு முன்பே கவனக்குறைவுக் கோளாறு இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று தெரியவந்தது. ஒரு செயலில் மனம் நிலைக்காமையும், சிலரிடம் அடங்காத துறுதுறுப்பும், முன்யோசனையின்றிச் செயல்படுதலும் சேர்ந்த வளர்ச்சிக் கோளாறே இவ்வாறு அழைக்கப்படுகிறது. வலிப்பு வந்ததால் பிள்ளை கெட்டுப்போயிற்று என்ற எளிய விளக்கம் இதனால் ஆட்டம் காண்கிறது. வலிப்புக்கும் கவனச் சிதறலுக்கும் மனச்சோர்வுக்கும் மூளையின் ஒரே அடிப்படை மாற்றம் வேராக இருக்கலாம், ஒன்று மற்றொன்றை இரு திசையிலும் வளர்க்கலாம் என்பதே இன்றைய புரிதல். பெற்றோரின் குற்ற உணர்வைத் தணிக்க இதைவிடப் பயனுள்ள அறிவியல் செய்தி வேறில்லை. பிள்ளையின் கோபத்துக்கும் மறதிக்கும் தம் வளர்ப்பே காரணம் என்று பல ஆண்டுகள் தம்மையே நொந்துகொள்ளும் தாய்மாரிடம் இதை மருத்துவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் இச்சிக்கல் முதலில் படிப்பாகத்தான் வெளிப்படுகிறது. நான்கு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும் வெறித்த நிலை வலிப்பில், குழந்தை பேச்சின் நடுவே சில நொடிகள் உறைந்து, எதுவும் நடக்காததுபோல் மீண்டும் தொடர்கிறது. ஒரு நாளில் பல பத்து முறை இது நேரலாம். ஆசிரியருக்கு அது பகற்கனவாகவோ திமிராகவோ தெரிகிறது. அமெரிக்காவில் இவ்வகை வலிப்புள்ள 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த மருந்துச் சோதனையின் ஒரு பகுதியாக 2013-இல் வெளியான முடிவு, மருந்து தொடங்குமுன்னரே அவர்களில் 36 விழுக்காட்டினருக்குக் கவனக் குறைபாடு இருந்ததையும், வலிப்பு நின்ற பிறகும் அது பலரிடம் நீடித்ததையும் காட்டியது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வலிப்பும் நின்றுவிட்ட பிள்ளை கணக்கில் பின்தங்கினால் அதைச் சோம்பல் என்று அடிப்பதற்கு எந்த ஆசிரியருக்கும் இனி நியாயம் இல்லை.

மருந்துகளின் பங்கை ஒளிக்கவும் கூடாது, பெரிதுபடுத்தவும் கூடாது. லெவிடிராசிட்டம் சில குழந்தைகளிடம் எரிச்சலையும் முரட்டுத்தனத்தையும் கொண்டுவருகிறது. குளோபசாமும் அவ்வாறே சிலரைக் கட்டுப்பாடிழக்கச் செய்யும். டோப்பிராமேட் சொல் தேடித் தடுமாற வைக்கலாம். பழைய மருந்தான ஃபீனோபார்பிட்டோன் பிள்ளைகளை அமைதியிழக்கச் செய்யும் என்ற கருத்து மேலைநாடுகளில் வேரூன்றியிருந்தது. ஆனால் மேற்கு வங்கக் கிராமங்களில் 94 குழந்தைகளிடம் தெப் பால் குழுவினர் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், ஃபெனிடாயினைவிட ஃபீனோபார்பிட்டோன் அதிக நடத்தைக் கேடு விளைவித்ததாகத் தெரியவில்லை. விலை மலிவான மருந்தையே நம்பியுள்ள ஊர்களுக்கு இது ஆறுதலான செய்தி. வலிப்புத் தடுப்பு மருந்துகள் தற்கொலை எண்ணத்தைச் சற்றே கூட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரித்ததும் உண்டு. ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் என்ற அளவிலான அந்தக் கூடுதல் ஆபத்தைவிட, மருந்தைத் திடீரென நிறுத்துவதால் இடைவிடாத வலிப்பு தாக்கி உயிர்போகும் ஆபத்து பெரிது. ஆகவே புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களில் பிள்ளையின் குணம் மாறினால் பெற்றோர் செய்ய வேண்டியது மருத்துவரிடம் சொல்வது; தாமாக நிறுத்துவது கூடாது.

இனிப் பள்ளத்தாக்கின் வாழ்க்கைக்கு வரலாம். கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்புகளில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் ஏராளம். தாய் புறப்படும்போது பிள்ளை உறக்கத்தில் இருக்கும். காலை மாத்திரையைக் கொடுக்கும் பொறுப்பு அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ, மூத்த அக்காளிடமோ விழுகிறது. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் வலிப்பு திரும்பக்கூடிய இந்நோயில், இந்த ஏற்பாட்டின் தளர்ச்சி பிள்ளையின் உடலை மட்டும் பாதிப்பதில்லை; தன்னால்தான் வீட்டில் தகராறு, தன்னால்தான் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று என்ற எண்ணம் எட்டு வயதிலேயே அதன் மனத்தில் படிகிறது. இதற்குக் கைக்கெட்டும் தீர்வு ஒன்று உண்டு. மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தின் பந்தியில், பெற்றோரின் ஒப்புதலோடும் மருத்துவரின் சீட்டோடும், அந்த ஒரு மாத்திரையை ஆசிரியரின் கண்முன் கொடுத்துவிட முடியும்.

உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. வளரிளம் பருவத்தில் தொடங்கும் தசைத்துடிப்பு வலிப்பு நோயில், விழித்த இரவுக்கு மறுநாள் காலையில் கை துள்ளி, கையிலிருப்பது நழுவி விழும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா இரவு பகலாக நடக்கும் நாட்களில் இத்தகைய பிள்ளைகளுக்கு வலிப்பு வர வாய்ப்புண்டு. திருவிழாவுக்கே போகக்கூடாது என்று அவர்களை வீட்டில் பூட்டுவதைவிட, மாலையில் அழைத்துச் சென்று பத்து மணிக்குள் திரும்பிவிடுவது எவ்வளவோ மேல். முல்லையாற்றில் குளிப்பதும் கிணற்றில் நீந்துவதும் அவ்வாறே: தனியாகக் கூடாது, நீச்சல் தெரிந்த பெரியவர் கைநீட்டும் தொலைவில் இருந்தால் பலருக்கும் மருத்துவர் அனுமதிப்பார். பாதுகாப்பு என்ற பெயரில் விளையாட்டு, பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றும் பறிக்கப்படும்போது, பிள்ளைக்கு மிஞ்சுவது சன்னலோரம் மட்டுமே. அதிலிருந்து பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழி குறுகியது.

இழிவு என்பது இந்நோயின் மிகப் பழைய துணை. முயலகன் என்னும் பிணியால் துன்புற்ற கொல்லி மழவனின் மகளைத் தந்தை திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்த, ஞானசம்பந்தர் பாடி நலம் தந்ததாகப் பெரிய புராணம் கூறுகிறது. அப்பிணியை வலிப்பு என்று கொள்வோர் பலர். செய்வதறியாத தகப்பன் பிள்ளையைத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் அந்நிலை இன்றும் மாறவில்லை. கோடாங்கியிடம் குறி கேட்பதும், தாயத்துக் கட்டுவதும், வலிப்பின்போது இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும் தென்மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன. வழிபாடு குடும்பத்துக்குத் தெம்பு தருமானால் அதைப் பழிக்கத் தேவையில்லை. பேய் பிடித்ததென்று பிள்ளையை அடிப்பதும், புகைபோடுவதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் வேறு. அவை கொடுமை, அவற்றைத் தடுத்தே ஆக வேண்டும். பெண் குழந்தைகளின் சுமை இரட்டிப்பு. பின்னாளில் வரன் தட்டிப்போகும் என்ற அச்சத்தில் நோயைத் தாய்மாமன் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் மறைக்கச் சொல்லி வளர்க்கப்படும் சிறுமி, தன் உடலில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இருப்பதாகவே நம்பத் தொடங்குகிறாள். இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் திரும்பத் திரும்ப வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தன. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. சட்டம் கால் நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்டதை உறவுமுறைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

தாயின் மனநலத்தைத் தனித்து நோக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் தாய்மாரில் பாதிப்பேர் வரை மனச்சோர்வுக்கு ஆளாகும் நிலையில் இருப்பதாக 2009-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கண்டது. இரவில் பிள்ளையின் மூச்சைக் கவனித்தபடி அரைத்தூக்கம், விடிந்தால் தோட்ட வேலை, ஊராரின் கேள்விகள் என்று வாழும் பெண்ணுக்கு அது வியப்பில்லை. அவளுடைய சோர்வு பிள்ளையின் நடத்தையையும் பாதிக்கிறது. ஆதலால் பிள்ளைக்கான சிகிச்சை தாயிடம் அவள் உறக்கத்தைப் பற்றிக் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.

வளரிளம் பருவத்தில் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குமேல் மனச்சோர்வு எரிச்சலாகவும், பள்ளிக்குப் போக மறுப்பதாகவும், மாத்திரையை ரகசியமாகத் துப்புவதாகவும் தோன்றும். மூளையில் மின்மாற்றம் எதுவுமின்றி, தாங்கொணாத மன அழுத்தம் வலிப்பின் உருவில் வெளிப்படும் நிலையும் இவ்வயதில், குறிப்பாகச் சிறுமியரிடம், காணப்படுகிறது. அது நடிப்பன்று, அதை நடிப்பென்று ஏசுவது நோயைக் கூட்டும். உண்மையான வலிப்பு நோயும் இதுவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால், வலிப்பின் கைபேசிக் காணொலி மருத்துவருக்குப் பேருதவியாகும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் பத்து முதல் பத்தொன்பது வயதினரின் இறப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரை, தற்கொலை விகிதம் ஆண்டுக்குப் பெண்களில் லட்சத்துக்கு 148, ஆண்களில் 58 என்று கண்டு நாட்டையே திடுக்கிட வைத்தது. திராட்சைப் பந்தலும் வாழைத் தோப்பும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பூச்சிமருந்து பல வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதைப் பூட்டி வைப்பதும், சாகத் தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்பதும் உயிர்காக்கும் செயல்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

உதவிக்கான கட்டமைப்பு இங்கே இல்லாமல் இல்லை. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவை உள்ளன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் வலிப்பும் இடம்பெற்றுள்ளது. குறை எங்கேயென்றால், வலிப்பைப் பார்க்கும் அறையும் மனத்தைப் பார்க்கும் அறையும் தனித்தனியாக இருப்பதில்தான். ஒரு நாள் கூலியை விட்டு, கூடலூரிலிருந்து பேருந்தேறி வரும் குடும்பத்திடம் மனநலப் பிரிவுக்கு இன்னொரு நாள் வாருங்கள் என்றால் அவர்கள் வருவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு நோய் பெயர் சுட்டி இடம்பெறாததும், அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளைச் சலுகைகளின் வெளியே நிறுத்துகிறது. இது திருத்தப்பட வேண்டிய விடுபாடு.

ஒரே அறையில் இரண்டையும் பார்க்க முடியும் என்பதற்கு இப்போது வலுவான சான்று கிடைத்துள்ளது. பிரிட்டனில் ரோஸ் ஷாஃப்ரன், ஐசபெல் ஹேமன் ஆகியோர் தலைமையில் 334 குழந்தைகளிடம் நடந்து 2024-இல் லான்செட் இதழில் வெளியான சோதனையில், மனநல வல்லுநர் அல்லாத, வலிப்பு நோய்ப் பிரிவிலேயே பணியாற்றுவோர் பயிற்சி பெற்று, பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே எண்ணமும் செயலும் சார்ந்த உளச்சிகிச்சையைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அளித்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட மனநலம் தெளிவாக மேம்பட்டது. தொலைபேசியில் முடியும் என்பது மலையடிவார ஊர்களுக்கு மிகப் பெரிய செய்தி. கவனக்குறைவுக் கோளாறுக்கான மெத்தில்ஃபெனிடேட்டையும், மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்சிட்டின் போன்ற மருந்துகளையும் வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கலாம் என்பதே இன்றைய வல்லுநர் கருத்து. வலிப்பு கூடிவிடும் என்ற அச்சத்தில் அவற்றை மறுப்பது தேவையற்ற பறிப்பு. சிக்கலைக் கண்டறியப் பெரிய கருவியும் வேண்டாம். ராபர்ட் குட்மேன் வகுத்த 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள் தமிழிலும் உண்டு. காத்திருக்கும் நேரத்திலேயே ஒரு செவிலியர் பெற்றோரிடம் கேட்டு அதை நிரப்பிவிடலாம்.

பள்ளிகள் அறிய வேண்டியது சிறிதே. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு நின்றபின் ஆசிரியர் வகுப்பிடம் சொல்லும் இரண்டு வாக்கியங்கள், மறுநாள் அப்பிள்ளை பள்ளிக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கின்றன. குணமான பிறகு வரட்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் தலைமையாசிரியர் ஒரு குழந்தையின் படிப்பையும் நட்பையும் ஒருசேர முடிக்கிறார். அதைச் செய்யாதிருக்குமாறு பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பள்ளியையும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. மாதந்தோறும் மாத்திரைக்காக வரும் நாளில், வலிப்பு வந்ததா என்று தாயிடம் கேட்கும் மருத்துவர், தூக்கம் எப்படி, பள்ளியில் யாரோடு விளையாடுகிறாய், எதற்காவது பயமாக இருக்கிறதா என்று பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அடுத்த மாத்திரை நாள் வரை காத்திருக்க முடியாத பெற்றோருக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது; அதில் தமிழிலேயே பேசலாம்.